நான்கு விசில் சூப்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு வயது 74. சென்ற மாதம் டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நீர் ஆகாரமாகக் கொடுங்கள் என்றார் மருத்துவர். பாக்கெட் சூப் வாங்கினேன். போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். அதனால் நானே காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிபிளவர், தக்காளி எல்லாவற்றையும் குக்கரில் நான்கு விசில் விட்டு, மிக்சியில் அரைத்து, வடிகட்டி, இரண்டு கரண்டி கார்ன் ஃப்ளார் கரைத்து ஊற்றி, மிளகுத்தூள் போட்டுத் தருகிறேன். புகையும் நெடியும் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன். வேலைக்குப் போகவேண்டியிருப்பதால் காலையிலேயே செய்து ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவேன். மாலையில் வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. கேட்டால், "ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதும்மா" என்கிறார்.

எந்தெந்தக் காய்களை என்ன அளவில் போடவேண்டும்? கார்ன் ஃப்ளாருக்குப் பதில் ஓட்ஸ் சேர்க்கலாமா? அஜினோமோட்டோ உடம்புக்குக் கெடுதலா? சமையலைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்த உரிமையில் கேட்கிறேன்.

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் பதிலும் இருக்கிறது. "ஆஸ்பத்திரி வாசம்" என்று உங்கள் தந்தை சொன்னதை முதியவரின் முரண்டு என்று எண்ணித்தான் நீங்கள் காய்களின் அளவைக் கேட்கிறீர்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியான சமையல் விமர்சனம். முட்டைக்கோஸிலும் காலிபிளவரிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சிறிது நேரம் வெந்தால் காய் இனிப்பாகவே இருக்கும். நெடுநேரம் வெந்தால் அந்தச் சேர்மங்கள் சிதைந்து, கெட்ட முட்டையை நினைவூட்டும் வாயுவாக வெளிப்படும். பெரிய அண்டாக்களில் கோஸை வேகவைத்து மணிக்கணக்கில் மூடி வைக்கும் எந்த விடுதியிலும், எந்த மருத்துவமனைச் சமையற்கட்டிலும் அந்த வாசனைதான் சுவரில் ஏறியிருக்கும். நீங்கள் அதை நான்கு விசிலில் வீட்டிலேயே உண்டாக்கி, ஃப்ளாஸ்கில் அடைத்து எட்டு மணி நேரம் ஊறவும் வைத்திருக்கிறீர்கள். ஆறு நாள் ஊசியும் குளுக்கோஸுமாகக் கிடந்துவிட்டு வந்த மனிதர் மூடியைத் திறந்ததும் மறுபடி அந்தக் கட்டிலிலேயே போய்ப் படுத்ததுபோல் உணர்ந்திருப்பார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு, நோயாளியையும் பார்த்துக்கொண்டு, பாக்கெட்டை விட்டுவிட்டுக் காயை நறுக்க உட்கார்ந்தீர்களே, அது பெரிய காரியம். பாக்கெட் சூப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கும் உங்கள் சிரமம் தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் ஜூலியஸ் மாகி பட்டாணி மாவிலும் பருப்பு மாவிலும் உடனடி சூப்பை 1886-ல் விற்கத் தொடங்கியபோது, தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரமில்லை என்பதே அதற்குக் காரணமாக இருந்தது. ஆகவே பாக்கெட் வாங்கியதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். கதவைச் சாத்தினீர்களே, அதற்குத்தான் சொல்வேன்.

இதை இத்தனை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2021 மே மாதம் கொரோனா வந்து மாடி அறையில் தனியாகக் கிடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் காப்பியை வாயில் வைத்தால் சுடுகிறது, கசக்கிறது, காப்பியாக இல்லை. மூக்கு போய்விட்டது. என் மகன் வேளை தவறாமல் சூப் செய்து வாசலில் முக்காலியின்மேல் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு இறங்கிப் போவான். அதில் உப்பு தெரிந்தது, தக்காளியின் புளிப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. மிளகு நாக்கில் எரிந்தது; ஆனால் மிளகு அதில் இல்லை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அத்துடன் இறைச்சியிலும் காளானிலும் பழுத்த தக்காளியிலும் வருகிற அந்தச் சாரச்சுவை, அவ்வளவுதான். காரட் காரட்டாக இருப்பதும், கொத்தமல்லி கொத்தமல்லியாக இருப்பதும், விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற ஆவியால்தான். அந்த வழி அடைபட்டால் உலகத்தின் எல்லா சூப்பும் உப்புப்போட்ட வெந்நீர். நன்றியில்லாமல் பேசினேன். "இதற்கு வெந்நீரையே வைத்துவிட்டுப் போ" என்று மாடியிலிருந்து கத்தியது நினைவிருக்கிறது. அவன் மறுநாளும் சூப்தான் வைத்தான்.

உடம்பு தேறிக் கீழே இறங்கிய பிறகும் வாசனை வரவில்லை. வெங்காயம் உரிப்பேன், பூண்டு நசுக்குவேன், கண்ணில் நீர் வருமே தவிர ஒன்றும் தெரியாது. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒருநாள் மாலை கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எங்கோ ரப்பர் கருகுவதுபோல் ஒரு கோடு மூக்கில் இழுத்தது. எழுந்துபோய்ப் பார்த்தால் அடுப்பில் நெய்யில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. குனிந்து நின்றேன். கருகல் மெல்ல விலகி, அடியில் ஒரு இனிப்பு தட்டுப்பட்டது, பிறகு போய்விட்டது. இன்னொரு வெங்காயம் நறுக்கிப் போடு என்றேன். போட்டான். இன்னும் ஒன்று என்றேன். அன்றைய சூப்பில் வெங்காயத்தைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை, அதை நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

சூப்பில் பாதியை நோயாளி குடிப்பது கிண்ணம் கைக்கு வருவதற்கு முன்பே. அடுப்படியில் ஏதோ நடக்கிறது, அது எனக்காக நடக்கிறது என்று படுத்திருப்பவனின் மூக்குக்கு முதலில் சேதி போகவேண்டும். அதற்குப் பிறகுதான் வாயில் நீர் ஊறும், வயிறு கேட்கும். நம்முடைய பத்தியச் சாப்பாட்டில் இந்த அறிவு இருந்தது. காய்ச்சல் விட்டவனுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி வைத்த பாட்டிமார் கூடவே தணலில் ஓர் அப்பளத்தைச் சுட்டார்கள். கஞ்சிக்கு வாசனை குறைவு, ஆகவே அப்பளத்தின் வாசனை வீடு முழுக்கப் போய் அழைத்துவந்தது. நீங்களோ கதவைச் சாத்தி, புகைபோக்கி விசிறியையும் ஓட்டியிருப்பீர்கள். கடுகு வெடிக்கும் நெடியும் காய்ந்த மிளகாய்க் கமறலும் நோயாளியைக் குமட்டவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவாக வதங்கும் வெங்காயத்தைத் தாளிப்போடு ஒரே தட்டில் வைக்கலாமா?

ஆகவே வெங்காயத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெரிய வெங்காயம் ஒன்றை மிகப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி நெய்யோ வெண்ணெயோ விட்டு, உருகியதும் வெங்காயத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். உப்பு அதன் நீரை வெளியே இழுக்கும், கருகவிடாது. தீயை எவ்வளவு குறைக்கமுடியுமோ அவ்வளவு குறைத்து மூடிவையுங்கள். பதினைந்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது. மூன்று நிமிடத்தில் "கண்ணாடிபோல் ஆகிவிட்டது" என்று அவசரப்பட்டுக் காயைக் கொட்டுகிறவர்கள்தான் பிறகு கார்ன் ஃப்ளாரையும் அஜினோமோட்டோவையும் தேடுகிறார்கள். இடையிடையே திறந்து கிளறுங்கள். முதலில் மூக்கைக் குத்தும் பச்சை நெடி, பிறகு ஒன்றுமில்லாத ஒரு மந்தம், அதன்பின் ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில் இனிப்பு வரும். பொன்னிறமாகக் கூடாது, அது வேறு சமையல். வெங்காயம் குழைந்து, கரண்டியால் அழுத்தினால் மசியவேண்டும். இந்தப் பதினைந்து நிமிடமும் கதவு திறந்திருக்கவேண்டும்.

மற்றவை எளியவை. ஒரு காரட், ஒரு சிறிய உருளைக்கிழங்கு, பத்துப் பீன்ஸ், எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்கிப் போட்டு ஐந்து நிமிடம் புரட்டி, முக்கால் லிட்டர் வெந்நீர் விட்டு, தளதளவென்று கொதிக்காமல் மெல்ல அலையும்படி இருபது நிமிடம் வேகவிடுங்கள். விசில் வேண்டாம். கொத்தமல்லிக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் போடுவீர்கள் அல்லவா, அந்தத் தண்டை நூலால் கட்டி உள்ளே போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள். புளி விட்டால் பருப்பு வேகாது என்பது உங்களுக்குத் தெரியும். தக்காளியின் புளிப்பும் அதே வேலையைச் செய்யும், ஆகவே உருளைக்கிழங்கு மசியும் பதத்துக்கு வந்த பிறகே தக்காளியைச் சேர்க்கவேண்டும். கோஸ் வேண்டுமானால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பிடி. மிளகை அப்போதே இடித்து, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு தூவுங்கள். நெடுநேரம் கொதித்த மிளகில் எரிச்சல்தான் மிஞ்சும். உப்புக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான்.

அளவுகளைப் பற்றி இதற்குமேல் கேட்காதீர்கள். பீன்ஸ் பத்தா பன்னிரண்டா என்பதால் எந்தத் தந்தையும் கிண்ணத்தைத் தள்ளுவதில்லை. அஜினோமோட்டோ நஞ்சல்ல, 1908-ல் ஜப்பானில் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த, சாரச்சுவையைத் தருகிற குளுட்டமேட்டின் உப்புதான் அது. தக்காளியில் அந்தக் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது, போதும்.

கார்ன் ஃப்ளாரை மட்டும் அவ்வளவு எளிதாக விடமாட்டேன். சூப் என்றால் கரண்டியிலிருந்து வழுவழுவென்று இறங்கவேண்டும் என்று நம் உணவகங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. அந்த மாவு வெறும் ஸ்டார்ச். சூட்டில் அதன் துகள்கள் நீரைக் குடித்து வீங்கிப் பசையாகின்றன. கெட்டிப்படுகிற அளவுக்கு உப்பும் வாசனையும் வாயில் மங்கும் என்பது அதைவிடப் பெரிய குறை. வாசனைக்காகக் காத்திருக்கும் மனிதருக்கு அதன்மேல் மாவைப் பூசிக் கொடுத்திருக்கிறீர்கள். போஸ்டர் பசை என்று அவர் பாக்கெட்டைத் திட்டியபோதே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்தும், இரண்டு கரண்டி கரைத்து ஊற்றியிருக்கிறீர்கள்! கெட்டி வேண்டுமென்றால், வெந்த உருளைக்கிழங்கில் பாதியை மத்தால் மசித்துவிடுங்கள். இல்லையேல் தண்ணீராகவே இருக்கட்டும். நம் மிளகுத்தண்ணீரை வெள்ளைக்காரர்கள் மதராஸிலிருந்து முல்லிகடானி என்று கொண்டுபோய்க் கறியும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள். அந்தப் பழக்கம் சூப் என்ற பெயரில் நமக்கே திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மிக்சியும் வடிகட்டியும் எதற்கு என்றும் யோசித்தேன். அவருக்கு விழுங்குவதில் சிரமம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பல் இருக்கிறதென்றால், காரட் துண்டு காரட் துண்டாகவே வாயில் தட்டுப்படட்டும். என்ன குடிக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியவேண்டாமா?

காலையில் செய்து வைப்பதை மட்டும் நிறுத்துங்கள். மாலை வீடு திரும்பியதும் அவர் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, வெங்காயத்தை அடுப்பில் ஏற்றுங்கள். முழுதாக ஒரு மணி நேரம் ஆகாது. உங்களுக்கும் ஒரு கிண்ணம் அதிலேயே ஊற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள். நோயாளிக்கென்று தனியாக வந்த கிண்ணத்தைக் கண்டாலே எனக்கு மாடி அறை முக்காலி நினைவுக்கு வரும். அறையிலிருந்து அவர் "அடுப்புல என்னம்மா?" என்று கேட்டாரானால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஓட்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். வேண்டாம்.