செட்டிநாட்டு அரண்மனையை ஏன் பூட்டியே வைத்திருக்கிறார்கள்? இவ்வளவு பெரிய வீடு யாருக்குப் பயன்?

அரண்மனை இருக்கும் கானாடுகாத்தான் வரை போய், உள்ளே விடவில்லை என்று திரும்பிய கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் போலும். நானும் அந்தப் பக்கத்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பெண்தான். அரண்மனைக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் உறவில்லை. வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அண்ணாமலைச் செட்டியார் அந்த வீட்டைக் கட்டியது 1912-இல். 'ராஜா' பட்டம் வந்தது 1929-இல், சிதம்பரத்தில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் அமைந்த ஆண்டில். அளவும் ஆடம்பரமும்தான் கூடுதல். மற்றபடி அதுவும் செட்டிநாட்டு வீடுதான். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், அதன் பின்னால் இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. வளவைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமான மகன்கள் ஆளுக்கொன்றாகச் சீர் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ள. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்கு, எங்கள் பேச்சில் 'கொண்டுவிற்க', போனார்கள். வீடு நிறைவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். பூட்டு அன்றைக்கே உண்டு.

இந்த வீடுகளுக்குத் தேக்கு வந்த பர்மாவிலேயே பணமும் மாட்டிக்கொண்டது. 1930-களில் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மியர்களுக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது நிலத்தையா தூக்கிக்கொண்டு ஓட முடியும்? அரண்மனைக் குடும்பத்துக்கு வேறு தொழில்கள் இருந்தன. எங்களுக்கு மிஞ்சியது வீடு மட்டும்.

எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் சென்னையில், கோவையில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மழை ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டும் என்று புள்ளிக்கு, அதாவது கல்யாணமான தம்பதிக்கு, இவ்வளவு எனப் பிரித்தோம். ஒருவர் தர மறுத்தார். "வாசல் நிலையை விற்றால் செலவு முடிந்துவிடுமே" என்றார். விசாரித்தால், பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். சாவி கொடுத்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பத்தா போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுத்த வருஷம் எந்த வாசலில் நுழைந்து படைப்புக்கு உட்காருவாய், தம்பி?" படைப்பு என்றால் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிடுவது. வாரக் கடைசியில் பணம் வந்துவிட்டது.

அதற்கப்புறமாவது நிம்மதியா? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் தேய்த்து வழவழவென்று இருந்த சுவரில், எங்களைக் கேட்காமலேயே கொத்தனார் சிமெண்ட் பூசிவிட்டார். அடுத்த மழைக்குப் பாளம் பாளமாக உரிந்தது. இந்த லட்சணத்தில் ஊரார் வந்து பார்க்கத் திறந்து வை என்றால், யார் பெருக்குவது, யார் காவல் இருப்பது, காணாமல் போனதற்கு எந்தப் பங்காளி பதில் சொல்வது?

இதை எழுதும்போதே இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிச் சிவக்க வைத்த குழம்புக்கெல்லாம் 'செட்டிநாடு' என்று பெயர் வைக்கிறார்களே, அந்த ஓட்டல்காரர்களைக் கேட்க ஆளில்லை. எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவர், அதில் ஒரு வாய் வைத்திருந்தால் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

உள்ளே பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஆத்தங்குடி பெரிய வீட்டுக்குப் போங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். கானாடுகாத்தானில் முகப்பை வெளியே நின்று பாருங்கள். காவலாளியோடு மட்டும் சண்டை போடாதீர்கள், அவர் சம்பளத்துக்கு நிற்பவர்.