ஆடுகளை விற்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். விடிய முற்றம் கூட்டிக் கோழிக்கூடு திறந்தால், பிறகு தேத்தண்ணி, சமையல், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவது, ஆடுகளுக்குக் குழை, மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணி, குரங்கு கலைப்பது, பின்னேரம் ஆடு கட்டிக் கூடு அடைப்பது என்று பொழுது போய்விடும். எனக்குச் சித்திரம் கீறப் பிடிக்கும். கொப்பியும் பென்சிலுமாக இருந்தால், சும்மா இருக்கிறாய் என்று மாமி சொல்லுவா. நீங்களும் ஆடு, கோழி, தோட்டம் எல்லாம் வைத்துக்கொண்டுதான் கதை எழுதுகிறீர்கள், பனையோலைப் பெட்டியும் இழைக்கிறீர்கள். நேரம் எங்கிருந்து வருகிறது? ஆடுகளை விற்றுவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாமோ என்று யோசிக்கிறேன். எனக்கும் பெட்டி இழைக்க வரும். அதில் ஆட்டுப் படம் ஒன்று போட முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ஆடுகளை விற்காதீர்கள். பள்ளிக்கூடச் சாமான் வாங்கும் மாதத்தில் ஒரு கிடாய் எப்படிக் கைகொடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு உறுத்தியது வேறொன்று. முற்றம் கூட்டுவதிலிருந்து கூடு அடைப்பது வரை எல்லா வேலையும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, கணவர் மட்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறாரோ, இந்த மண்ணில் எத்தனையோ பேருக்கு நேர்ந்ததுபோல் இல்லாமலே போனாரோ என்று தெரியாமல் இதைக் கேட்கத் தயக்கம்தான். வீட்டில் இருக்கிறார் என்றால் ஒன்று சொல்கிறேன். பின்னேர வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டுப் பார்க்காதீர்கள், கொடுத்துவிடுங்கள்.

எனக்கு நேரம் வந்த வழி அதுதான். எங்கள் வீட்டில் ஆடு கட்டுவதும் கூடு அடைப்பதும் என் கணவருடைய பொறுப்பு. தொடக்கத்தில் கோழியை எண்ணாமல் அடைத்தார், மரநாய் வந்து ஒன்றைக் கொண்டுபோனது. நான் பின்னாலே போய்த் திருத்தவில்லை. திருத்தப் போயிருந்தால் அந்த வேலை திரும்ப என் தலையில் விழுந்திருக்கும். இப்போது எந்தப் பேடு எந்த மரத்தில் ஏறி ஒளிக்கும் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

விடிய நாலு மணிக்கு எழும்பி எழுது என்று எழுத்தாளர்கள் புத்தி சொல்வார்கள். ஏற்கெனவே நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிற பெண்ணிடம் வந்து சொன்னால் விளக்குமாற்றால் அடி விழும். இரவும் சரிவராது. விளக்கடியில் பூச்சி, உடம்பில் அலுப்பு. மத்தியானத்தைப் பாருங்கள். பதினொரு மணி தாண்டினால் வன்னி வெயிலில் ஆடே பூவரச நிழலைத் தேடிப் படுத்துவிடும். ஊரும் அப்போது வெளியே இறங்காது.

அந்த நேரத்தில் ஆடு அசையாமல் கிடந்து அசைபோடும். கிட்டப் போய் இருந்து பாருங்கள். கீழ்த்தாடை மேலும் கீழுமாக ஓடாது, பக்கவாட்டில் போய்வரும். விழுங்கிய பிறகு சற்று நிற்கும். பிறகு கழுத்தின் அடியிலிருந்து ஓர் உருண்டை மேலே ஏறுவது தோலுக்கு வெளியே தெரியும், தாடை மறுபடி தொடங்கும். கண்மணி வட்டமாக இராது, படுக்கையாகக் கிடக்கும் ஒரு கறுப்புக் கோடு. நாயின் கண்ணோடு கீறிய ஆடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். முழு ஆட்டையும் ஒரே இருப்பில் கீறி முடிக்கப் போகாதீர்கள். இன்றைக்குக் காது, நாளைக்குக் குளம்பு. இடையில் குரங்கு வந்தால் பென்சிலை வைத்துவிட்டு ஓடலாம், வந்து தொடரலாம். நான் எழுதுவதும் அப்படித்தான். கொக்கத்தடியால் குழை இழுக்கும்போது ஒரு வசனம் ஓடும், குசினிக் கலண்டர்த் தாளின் பின்பக்கம் போய்க் குறித்து வைப்பேன். அந்த ஒரு வசனத்தோடு நிற்கும் நாட்கள்தான் அதிகம்.

(குரங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, அரசாங்கம் சொன்னபடி, பயிரை அழிக்கின்றன என்று இலங்கை முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினார்கள். எங்கள் வளவுக்கு அவை வருவது ஒன்பதுக்குப் பிறகு.)

மாமி சொன்னதற்கு வருகிறேன். மடியில் ஓலை இருக்கும்போது என்னை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். கையில் பேனை வந்தால் உடனே எங்கேயோ ஒரு தேங்காய் துருவக் கிடக்கும். ஓலைப்பெட்டிக்குக் கடையில் விலை உண்டு, கதைக்கு இல்லை, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்காக ஒளித்து வைத்துக் கீறாதீர்கள். கொப்பியை விறாந்தையிலேயே வையுங்கள். கீறியது எந்த ஆடு என்று மாமியிடமே கேளுங்கள். ஆடு வளர்த்த மனுசி, காது தொங்குவது பிழை, மடி பெரிது என்று சொல்லுவா. ஓவிய ஆசிரியர்கள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதில்லை.

மாரி மழையோடு காலபோக நெல் விதைத்துவிட்டால் ஆட்டை அவிழ்த்துவிட முடியாது, கட்டிவைத்துக் குழை வெட்டிப் போட வேண்டும். உங்கள் கை இன்னும் நெருக்கமாகும். மழைக்கு முன்னமே தொடங்குங்கள். வீட்டில் அடைக்கோழி இருந்தால் அதையும் விடாதீர்கள். அடைவைத்து ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் கைத்தொலைபேசி வெளிச்சத்தை முட்டையின் பருத்த முனையில் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்கள்போல் விரிந்திருக்கும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கும். ஒன்றும் தெரியாத முட்டையைக் கூழ்முட்டை என்று எடுத்துவிடலாம். இருபத்தொரு நாள் அடையில் இந்த ஒரு இரவை மட்டும் கீறி அனுப்பினால்கூட எனக்குப் பெரிய சந்தோசம்.

இனிப் பெட்டி. இழைத்து முடித்த பெட்டிமேல் பெயின்ட் பூசாதீர்கள், ஓலை வளையும் இடமெல்லாம் உதிரும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடைகளில் நிறப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் நிறம் ஓலைக்குள்ளேயே ஊறியிருக்கும். காய்ந்த குருத்தோலையை ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் கரைத்த கொதிநீரில் அவித்து, அலசி, நிழலில் காயவிடுங்கள். நீற்றுப்பெட்டிக்கு மட்டும் சாயம் வேண்டாம், அதில் புட்டு அவிக்கிறோம்.

படத்துக்கு இலகுவான வழி, பெட்டியை வெள்ளை ஓலையில் முதலில் முழுதாக இழைத்துவிடுவது. பிறகு சாய ஓலையை ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்கி, மேல் கண்ணிகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி உருவம் எடுங்கள். பிழைத்தால் உருவிவிட்டுத் திரும்பச் செருகலாம், பாதியில் எழும்பிப் போனாலும் பெட்டி குலையாது. பிள்ளையின் சதுரக் கட்டக் கொப்பியில் ஆட்டை முதலில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பாருங்கள். இழைப்பு சாய்வாக ஓடுவதால் கொப்பியையும் சரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பெட்டிக்குக் கொம்பில்லாத ஆடாகப் பார்த்து எடுங்கள். அந்த வளைவு கட்டத்துக்குள் இலேசில் வராது.