மறு: தோட்டத்துக்குக் கீழே புகை, எதிர்த்தீ வைக்கலாமா?

போடிக்கு மேலே, காப்புக்காட்டை ஒட்டிய சரிவில் காப்பித் தோட்டம், கீழே இரண்டு நாளாகப் புகை, நாமே எதிர்த்தீ (வரும் தீக்கு எரிய எதுவும் மிஞ்சாதபடி முன்கூட்டியே எதிரில் வைக்கும் தீ) வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. காற்று திரும்பினால் அதுவே இன்னொரு காட்டுத்தீ, வழக்கும் வரும்.

தீ கீழே, நீங்கள் மேலே. அதுதான் சிக்கல். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். சாய்வு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் பலியானது நினைவிருக்கும்.

இப்போதே தீயணைப்புக்கான 101க்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். தீ தொலைவில் இருந்தால் மட்டும் வேலியோரம் மூன்று மீட்டருக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறும் மண் தெரிய விடுங்கள். செதுக்கியதை வீட்டுப் பக்கம் குவிக்காதீர்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பொறி விழுந்து முதலில் பற்றியது அந்தக் குவியல்தான். கூரை ஓட்டு இடுக்குச் சருகையும் தள்ளிவிடுங்கள்.

அப்பா அம்மாவைப் பாதை திறந்திருக்கும்போதே ஊருக்கு அனுப்பிவிடுங்கள், ‘பார்த்துக்கலாம்’ என்பார்கள், கேட்காதீர்கள். மாடுகளைக் கட்டிப்போட வேண்டாம். அப்புறம், தீ நெருங்கினால் மேட்டை நோக்கி ஓடவே கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து பாறையோ ஏற்கெனவே எரிந்த கரிநிலமோ பார்த்து ஒதுங்குங்கள். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும்.