சிங்கப்பூரில் பழைய கல்குவாரி, இடிந்த கட்டடங்கள் பார்க்க எங்கே போகலாம்?

உபின் தீவு. ஆனால் ஹம்பி மாதிரி சுவரும் தூணும் நிற்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே வெட்டிய கருங்கல் எல்லாம் தீவை விட்டே போய்விட்டது. பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்தான், வாரக்கடைசியில் பஸ்ஸுக்குள் நகராமல் உட்கார்ந்திருக்கிறோமே மலேசியாவுக்குப் போகும் அந்த ஜோகூர் கடற்பாலத்துக்கும் அங்கிருந்து கல் போயிருக்கிறது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்காக உபினில் கல் வெட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது.

கடைசிக் குவாரி 1999இல் மூடியது. பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி இப்போது ஏரிதான். படகுத்துறையிலிருந்து நடந்தே பெக்கான் குவாரிக்குப் போகலாம், நாரைகள் கூடு கட்டியிருக்கும். கெத்தாம் குவாரி மேற்கே, அதற்கு வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் 'ஜெர்மன் பெண்' கோயில் இருக்கிறது. முதல் உலகப்போர் சமயத்தில் தப்பி ஓடி விழுந்து செத்த பெண் என்று கதை. குன்றின் மேல் இருந்த சமாதியைக் குவாரி வேலைக்காக 1974இல் இடம் மாற்றினார்கள். இன்று உள்ளே பார்பி பொம்மைக்குப் பூஜை நடக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

எனக்குப் பிடித்தது வீடுகள் இருந்த இடங்கள்தான். ஒரு காலத்தில் 2,000 பேர் வாழ்ந்த தீவு, குவாரி வேலை குறையக் குறைய ஆட்கள் போனார்கள், அங்கிருந்த 'பின் கியாங்' பள்ளி 1985இல் மூடி 2000இல் இடிக்கப்பட்டது. மரவீடுகள் சீக்கிரம் மக்கிவிடும், சிமெண்டுத் தரையோ இரண்டு படிகளோதான் மிஞ்சும். அதனால் தரையைத் தேடாமல் மரத்தைப் பாருங்கள். ரம்புத்தானும் பலாவும் தென்னையும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால் அது யாரோ வீட்டுக் கொல்லை. கூரையோடு முழு வீடாகப் பார்க்க வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகம் சீரமைத்த டெக் செங் வீடு இருக்கிறது.

குவாரி வேலியை மட்டும் தாண்டாதீர்கள், படம் நல்லா வரும் என்று விளிம்புக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். புதருக்குள் பழைய கிணறும் இருக்கலாம்.

அப்புறம் படகு: சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள், நேர அட்டவணை கிடையாது. ரொக்கம் கொண்டுபோங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.