ஸம்ஸம் இருக்கும்போது ஜுபைதா வாய்க்கால் எதற்கு?

ஸம்ஸம் மக்கா பள்ளிவாசலில் உள்ள ஒரே ஒரு கிணறு. ஹஜ்ஜுக்குத் திரளும் கூட்டத்தோடு அவர்களின் ஒட்டகங்களுக்கும் அது எப்படிப் போதும்? ஹஜ்ஜின்போது எல்லோரும் கூடும் மக்காவுக்கு வெளியிலுள்ள அரஃபா மைதானத்தில் குடிநீருக்குப் பெரும்பாடு. ஹஜ் மாதமான துல்ஹஜ்ஜின் 8ஆம் நாளுக்கு 'தர்வியா' என்ற பெயர் வந்ததே, அன்று தண்ணீர் நிரப்பிக்கொண்டு புறப்பட்டதால்தான் என்பார்கள்.

இந்தத் தவிப்பைத் தீர்த்தவர் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி ஜுபைதா (இறப்பு 831). நுஃமான் பள்ளத்தாக்கு நீரை மலையடிவாரத்தை ஒட்டியே கல்வாய்க்கால் கட்டி, அரஃபா வழியாக மக்கா பக்கம் கொண்டுவந்தார். பம்பு ஏது? வாட்டம் பார்த்துக் கட்டியதில்தான் எல்லாமே.

இராக்கின் கூஃபா நகரிலிருந்து மக்கா வரும் பாலைவனப் பாதையிலும் குளங்கள் உண்டு. அவற்றில் பலவற்றின் அமைப்பு அருமையானது: மழைவெள்ளம் முதலில் ஒரு சிறு தொட்டியில் விழும், வண்டல் அங்கேயே தங்கும், தெளிந்த நீர் மட்டும் பெரிய குளத்துக்குப் போகும். நீர் மட்டம் இறங்கினாலும் மொண்டுகொள்ளப் படிக்கட்டு. அத்தனையும் ஜுபைதா ஒருவர் கட்டியதல்ல. ஆனாலும் பாதைக்கு 'ஜுபைதா பாதை' என்றே பெயர் நிலைத்தது. நியாயமான பெயர்தான்.

பிற்காலத்தில் வாய்க்கால் தூர்ந்தது. 1560களில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா செலவில் சீரமைப்பு தொடங்கியது. வாய்க்கால் போகும் வழியின் குறுக்கே கடும்பாறை. மேலே விறகை அடுக்கி எரிப்பார்கள். சூட்டில் நொய்ந்த கல்லைப் பெயர்த்துவிட்டு, மறுபடி எரிப்பார்கள். வேலை முடிய ஆண்டுகள் பிடித்தன.

இன்று மக்காவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறார்கள். பழைய வாய்க்காலின் கற்சுவரை அரஃபாவில் ஜபலுர் ரஹ்மா குன்றின் அடிவாரத்தில் இப்போதும் பார்க்கலாம்.