டேபிளுக்குக் காசு வாங்குவது எப்படி? கேள்வி பதில்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு ஸ்னூக்கர் டேபிள், இரண்டு பூல் டேபிள் போட்டு கிளப் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் புதிதாகக் கிளப் போடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர் பெயர் போட்டிருக்கிறேன். ரேட் விஷயம் மட்டும்தான் பேசப்போகிறேன்.

வேலந்தாவளம்: மணிக்கணக்கா, கேம் கணக்கா, எது நல்லதுங்க அண்ணா?

நேரக்கணக்குதான். ஸ்னூக்கர் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, 60 ரூபாய் என்று வையுங்கள். கை தேர்ந்த இரண்டு பேர் 20 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மணிக்கு 180 ரூபாய் வரும். காலேஜ் பையன்கள் 15 சிவப்புப் பந்தையும் குழிக்குள் தள்ளி, கலர் பந்து ஆறையும் முடிக்க 50 நிமிடம் ஆக்குவார்கள். மணிக்கு 72 ரூபாய்தான். அதே டேபிள், அதே லைட், அதே துணி. நன்றாக ஆடுகிறவன் கூடக் கொடுக்கிறான், தடுமாறுகிறவன் குறைத்துக் கொடுக்கிறான். இது என்ன நியாயம்?

பூல் வேறு. ‘எயிட் பால்’ ஆட்டம் கால் மணியில் முடியும். பஸ் வரும்வரை ஒரு கேம் போடலாம் என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கேம் கணக்கு சரி. 12 அடி ஸ்னூக்கர் டேபிளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்தக் கணக்கானாலும் டேபிள் லைட்டின் சுவிட்ச் கவுண்டரில் இருக்கட்டும். லைட் எரிந்தால் காசு ஓடுகிறது, அணைந்தால் நின்றுவிட்டது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

மீனாட்சிபுரம்: மணிக்கு எவ்வளவு வைக்கலாம்?

பக்கத்துக் கிளப்பைப் பார்த்து வைக்காதீர்கள். வாடகை, கரண்ட், பையன் சம்பளம், துணி மாற்ற மாதாமாதம் எடுத்துவைக்கும் தொகை எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் என்று சும்மா ஒரு கணக்குப் போடுவோம். நான்கு டேபிள், தினம் 12 மணி நேரம் திறந்திருக்கிறது. மாதத்துக்கு 1,440 மணி நேரம் என்று அதால் வகுத்து, 42 ரூபாய் போதும் என்று ஏமாறாதீர்கள். ஒரு டேபிளில் ஆள் நிற்கும் நேரம் தினம் ஐந்து மணி இருந்தாலே பெரிது. அப்படியானால் நான்கு டேபிளுக்கும் மாதம் 600 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய். அது முதலுக்கு மட்டும். 120 வைத்தால் நிமிடத்துக்கு 2 ரூபாய். பில் போடவும் சுலபம்.

மத்தியானம் நான்கு மணிவரை பாதி ரேட் கொடுங்கள். காலியாகக் கிடக்கும் டேபிள் சம்பாதிப்பது பூஜ்யம்.

வண்ணாமடை: நாலு பேர் ஜோடி சேர்ந்து ஆடினால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?

வேண்டாம். டேபிளுக்குத்தான் வாடகை, தலைக்கு இல்லை.

கோபாலபுரம்: எங்கள் பக்கம் தோற்றவர்தான் காசு கொடுப்பார். அதையே வைத்துக்கொள்ளலாமா?

கேம் கணக்கில் தொல்லை இல்லை. நேரக்கணக்கோடு சேர்ந்தால்தான் விஷமம். ஜெயிக்கப் போகிறவன் கியூ (பந்தை அடிக்கும் கோல்) நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே நிற்பான். ஒவ்வொரு நிமிடமும் அடுத்தவன் பையிலிருந்து போகிறது. என் கிளப்பிலேயே நடந்தது. ஒருவர் 40 பாயிண்ட் முன்னால். டேபிளில் பிங்க்கும் பிளாக்கும் மட்டும், மொத்தமே 13 பாயிண்ட். கியூவைச் சுவரில் சாத்திவிட்டு, “ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வருகிறேன்” என்று போனார். 12 நிமிடம். திரும்பி வந்தபோது எதிராளி கியூவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, நடுவில் நான் இருந்தேன்.

சித்தூர்: தோற்றவன் காசு என்பது இல்லையென்றால் ஆட்டத்தில் என்னங்க சுவாரஸ்யம்? கூட்டம் வருவதே அதற்குத்தான்.

கூட்டம் வரும், ஒத்துக்கொள்கிறேன். புதிதாகப் பழகுகிற பையன் தினமும் தோற்பான். ஒரு வாரம் வருவான், அப்புறம் வரமாட்டான். ஜெயிக்கிறவனும் ஆள் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

பொள்ளாச்சி: நான் அப்படித் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஃபீஸ் கட்டியது உங்கள் அப்பா.

பொள்ளாச்சி, மறுபடியும்: அதுக்காக ஊர் வழக்கத்தை மாற்ற முடியுமா?

மாற்றவேண்டாம். பில்லை டேபிளுக்குக் கொடுங்கள், யார் கொடுப்பது என்பது அவர்கள் பாடு. தகராறு வந்தால் பாதிப் பாதி என்று முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுங்கள். ஸ்னூக்கர் விதிகளை 1880களில் நம் ஊட்டி கிளப்பில் சுவரில் ஒட்டினார்கள் என்பார்கள். நம் ஆட்கள் ரேட்டை ஒட்டவே யோசிக்கிறார்கள். என் பலகையில் தமிழும் மலையாளமும் இருக்கும், தொகை எண்ணில்.

டேபிள் காசுக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்ட விடாதீர்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1930ஆம் வருடச் சூதாட்டச் சட்டம், இந்தப் பக்கம் கேரளத்தில் 1960ஆம் வருடச் சூதாட்டச் சட்டம். எல்லை தாண்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

நல்லேப்பிள்ளி: மணிக்கு எவ்வளவு வாங்கலாம் அண்ணா?

மீனாட்சிபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவிந்தாபுரம்: ஆடும்போது கரண்ட் போனால்?

போன நிமிடத்தைக் கழித்துவிடுங்கள். கேட்பதற்கு முன்பே கழித்தால் அந்த ஆள் உங்களை விட்டுப் போகமாட்டார்.

வாளையாறு: மாத பாஸ் போடலாமா?

நான் போட்டுக் கெட்டேன். பாஸ் வைத்திருந்தவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒன்பதுவரை தனியாகப் பழகுவார். காசு கொடுத்து ஆட வந்தவர்கள் வாசலில். போட்டே தீருவேன் என்றால் பகலுக்கு மட்டும் போடுங்கள்.

எலப்புள்ளி: லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம்?

பஞ்சாயத்து ஆபீஸ், ஆடிட்டர்.

ஆனைமலை: நல்ல கியூ எது வாங்கலாம்?

இன்றைக்கு அது இல்லை.

கஞ்சிக்கோடு: கேம் கணக்கா, மணிக்கணக்கா?

தம்பி, மேலே முதல் கேள்வியே அதுதான்.

சித்தூர், மறுபடியும்: அதெல்லாம் இருக்கட்டும். சாயா குடிக்கப் போன அந்த 12 நிமிடத்துக்கு யார் காசு கொடுத்தது?

நான்தான். அப்போது சுவிட்ச் டேபிள் பக்கத்துச் சுவரில் இருந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன்.