கவிழ்த்து வைத்த டம்ளர்

அன்புள்ள ஐயா,

உங்கள் புதிய கவிதையைப் படித்தேன்.

'அடுக்களை அலமாரியில்
பதினாறு பீங்கான் கோப்பைகள்.
ஜன்னல் கம்பியோரம்
கவிழ்த்து வைத்த
ஒரு எவர்சில்வர் டம்ளர்.'

அவ்வளவுதானா? ஏழை, பணக்காரர் பிளவைப் பற்றி எழுதும்போது கோபம் வேண்டாமா? உரத்த குரலில் எழுதிய வானம்பாடிக் கவிஞர்களைப் படித்து வளர்ந்தவன் நான். எனக்கு இது துணுக்குச் செய்தி போலத்தான் இருக்கிறது. ஆனால் படித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அது என் அம்மாவின் டம்ளர். அவர் பத்துப் பாத்திரம் தேய்த்த வீட்டில் காலையில் டீ கொடுப்பார்கள். பின்வாசல் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் இருக்க, அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன், அதிலேயே பாதி எனக்கு. ஏலக்காய் போட்ட நல்ல டீ. அந்த வீட்டுக்காரர்கள் கொடியவர்கள் இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் சாதி என்று சண்டைக்குப் போகிறோம். வீட்டுக்குள் அதையே சுத்தம் என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் நானும் கோபமாக நான்கு வரி சேர்த்திருந்தேன். பணக்காரர்களைத் திட்டும் வரிகள். அப்புறம் அடித்துவிட்டேன். யாரும் தன்னைப் பணக்காரன் என்று நினைப்பதில்லை, திட்டு எப்போதும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

1971-இல் கோவையிலிருந்து வந்த 'வானம்பாடி' இதழ், கவிதையை மக்களிடம் கொண்டுபோனது. அந்த உரத்த குரலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வழிகாட்டி புறநானூற்றின் 164-ஆம் பாட்டு. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருக்கிறான் குமணன். அவனிடம் போய்த் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார் புலவர் பெருந்தலைச் சாத்தனார். 'ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப.' சமையலையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. எத்தனை நாள் தீ மூட்டாமல் இருந்தால் அடுப்பில் காளான் முளைக்கும்! அப்புறம் பால் வற்றிய முலையைச் சுவைத்து அழும் பிள்ளை, அதன் முகத்தைப் பார்க்கும் தாய், அவளைப் பார்க்கும் இவர். யார்மீதும் ஒரு வசவு இல்லை. இத்தனை வருடமாக அந்தக் காளானைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சரி, எழுந்து போய் ஜன்னலைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அங்கே என்ன இருந்தது என்று எழுதவில்லையே. எழுதுங்கள்.